துளசிக்கு வலிப்பு வந்தால்

மூன்றாம் ஆண்டு வகுப்பில், கணக்குப் பாடத்தின் நடுவில்தான் துளசிக்கு வலிப்பு வந்தது. ஆசிரியர் முகுந்தன் பதறிப்போனார். நாக்கைக் கடித்துக்கொள்வாளோ என்ற பயத்தில் மேசையிலிருந்த இரும்பு அடிக்கோலை எடுத்து அவள் பற்களுக்கிடையே திணித்தார். கைகால்களைப் பிடித்துக்கொள்ளும்படி பிள்ளைகளிடம் சொன்னார். வலிப்பு அடங்கியபோது துளசியின் முன்பல் உடைந்திருந்தது. சட்டையெல்லாம் இரத்தம்.

அவள் அம்மா கங்கா, ராவாங் ஊரிலுள்ள தொழிற்சாலையிலிருந்து வேலை உடுப்போடு வந்தார். சத்தம் போடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் தலைமையாசிரியர் தேவதாஸின் அறைக்குள் போய்த் தணிந்த குரலில் பேசினார்.

"சேக்கும்போதே சொன்னேன் சார், இவளுக்கு வலிப்பு இருக்குன்னு. இங்க உள்ளவங்களுக்கு என்ன செய்யணும்னு தெரியும்னு நான் கண்ணால பாக்கணும். அதுவரைக்கும் அனுப்ப மாட்டேன்."

மலேசியாவில் பத்தாங் காலி ஊருக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சின்னப் பள்ளி அது. விஷயம் சாயங்காலத்துக்குள் எல்லா வீடுகளுக்கும் போய்விட்டது.

ஆசிரியர்களுக்கான பயிற்சிகளை அந்த ஆண்டுதான் ஆசிரியை நித்தியாவிடம் ஒப்படைத்திருந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்து, சனிக்கிழமை மண்டபத்தில் ஒரு சொற்பொழிவு வைத்து, படம் எடுத்து மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிவிடலாம் என்றார் தேவதாஸ். நித்தியாவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. போன வருடம் தீயணைப்புப் பயிற்சியும் அப்படித்தான் நடந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், மீகோரெங் சாப்பிட்டார்கள், வீட்டுக்குப் போனார்கள். தீயணைப்பான் எங்கே மாட்டியிருக்கிறது என்று இன்று கேட்டால் பாதிப்பேருக்குத் தெரியாது.

கிளினிக்கிலிருந்து ஒரு தாதியை அழைக்கலாம், அவர் கொஞ்சம் பேசினால் போதும், மிச்ச நேரமெல்லாம் ஒவ்வொருவரும் கையால் செய்து பழக வேண்டும், மாதாமாதம் மறுபடி செய்துபார்க்க வேண்டும் என்றாள். கங்காவையும் கூப்பிட வேண்டும் என்றபோது தேவதாஸ் முகம் சுளித்தார். பெற்றோரை உள்ளே விட்டால் பள்ளியின் குறை வெளியே போகும் என்றார்.

"இப்பவே போயிருச்சு சார்," என்றாள் நித்தியா.

 கடைசியில் தேவதாஸ், ஏதாவது தப்பாகப் போனால் அதற்கு அவள்தான் பொறுப்பு என்று சொல்லிச் சம்மதித்தார்.

அன்று மதியம் ஆசிரியர் அறை வாசலில் முகுந்தன் அவளை மறித்தார். இருபது வருடம் அந்தப் பள்ளியில் வேலை செய்தவர். அடிக்கோல் சம்பவத்துக்குப் பிறகு யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

"அந்தம்மா முன்னால என்னைய நிக்க வைக்கத்தான் இந்த ஏற்பாடா?"

அவர் பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள் என்றாள் நித்தியா.

"எடுக்கணுமா டீச்சர்? எல்லாருக்கும் தெரியுமே லா." பயிற்சி நாளில் எம்.சி. என்ற மருத்துவ விடுப்பு எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

சனிக்கிழமை கங்கா வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. கதவோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தாதி பேசி முடித்ததும், ஒருவர் வலிப்பு வந்த பிள்ளையாகப் படுக்க வேண்டும் என்றாள் நித்தியா. யாரும் நகரவில்லை. சிலர் கைப்பேசியைப் பார்த்தார்கள். கங்காவின் பார்வை ஒவ்வொரு முகமாக நகர்ந்தது. 

பின்வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. முகுந்தன். எப்போது வந்தார் என்று அவள் கவனிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு வெறுந்தரையில் படுத்துக் கைகால்களை உதறத் தொடங்கினார்.

இரண்டு ஆசிரியர்கள் ஓடிவந்து அவர் தோள்களைத் தரையோடு அழுத்தினார்கள். சற்றுமுன்தான் கூடாது என்று கேட்டிருந்தார்கள். இருந்தும் கை அதைத்தான் செய்தது.

"விடுங்க," என்றார் முகுந்தன், கீழே கிடந்தபடியே. "பிடிக்காதீங்க. வலிக்குது."

அழுத்தியவர்கள் கையை எடுத்தார்கள். கங்கா கட்டியிருந்த கையைத் தளர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். முகுந்தனின் பக்கத்தில் முட்டிபோட்டு, தன் துப்பட்டாவை மடித்து அவர் தலைக்கடியில் வைத்தார். அடங்கும்வரை காத்திருந்து ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தார். "இவ்வளவுதான்," என்றார். அதன்பின் ஒவ்வொருவராகச் செய்தார்கள். தப்பாகச் செய்தவர்கள் மறுபடி செய்தார்கள்.

திங்கட்கிழமை துளசி பள்ளிக்கு வந்தாள்.

சில வாரங்கள் கழித்து, ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் அவள் விழுந்தாள். பக்கத்திலிருந்த ஃபஹீமா டீச்சர் மேசையை நகர்த்தி, தலைக்கடியில் பையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தார். வாயில் யாரும் எதையும் வைக்கவில்லை. ஆனால் ஐந்து நிமிடம் கடந்தும் வலிப்பு நிற்கவில்லை. நித்தியா ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். சைரன் சத்தம் தோட்டச் சாலையில் கேட்டது. பிறகு பள்ளி வாசலோடு நின்றுவிட்டது. வாகனம் உள்ளே வரவில்லை.

கேட் பூட்டியிருந்தது. முகுந்தன் ஓடினார். பள்ளியின் ஜாகா, காவலாளி வீரன், பின்பக்கத்தில் புல்வெட்டும் இயந்திரத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தார். சாவி அவர் இடுப்பில். அந்த இரைச்சலில் அவருக்குச் சைரனே கேட்கவில்லை. முகுந்தன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி ஓடிய அந்த நேரம் முழுக்க நித்தியா துளசியின் உதடு நீலம் பாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துளசி பிழைத்தாள். மருத்துவமனையில் ஊசி போட்டதும் வலிப்பு நின்றது. செய்தி கிடைத்துக் கங்கா வார்டுக்கு ஓடிவந்தபோது, வெளியே முகுந்தனும் நித்தியாவும் நின்றார்கள்.

"வாயில ஏதும் வைக்கலையே?" என்றுதான் முதலில் கேட்டார்.

"இல்லம்மா," என்றார் முகுந்தன். "ஆனா கேட் பூட்டியிருந்துச்சு. அதனால லேட்டாயிருச்சு."

அதை அவர் மறைத்திருக்கலாம். கங்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் நித்தியா வீரனிடம் போனாள். "என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலயே டீச்சர்," என்றார் அவர். குரலில் கோபத்தைவிடக் கலக்கம்தான் அதிகம்.  ஆசிரியர்களுக்கான பயிற்சி என்றே நினைத்து ஆசிரியர்களை மட்டும் அழைத்தது அவள்தான்.

நேராகத் தேவதாஸின் அறைக்குப் போனாள். அடுத்த பயிற்சிக்கு ஜாகா, சமையல்காரம்மா, வேன் ஓட்டுநர் எல்லோரும் வேண்டும், இந்த முறை கேட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றாள். எப்போது என்று மட்டும் கேட்டார் தேவதாஸ்.