இழுத்தால் பிடிக்கும்

கார் வந்து இறங்கிய நாளிலிருந்து முத்துப்பேட்டையில் அந்த வீட்டில் ஒரே பேச்சுதான், யார் ஓட்டுவது என்று. ஷார்ஜாவில் இருக்கும் ஹபீப் முகம்மது அந்த மின்சாரக் காரை மனைவி ஷம்சாத்துக்காகத்தான் வாங்கினான். அவளுடைய அண்ணன் ஜாஃபர் சாதிக்கோ டிரைவர் போட்டே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்த வீட்டில் அண்ணன் என்றால் காக்கா. கடைசியில் ஹபீப் ஒரு வழி சொன்னான். ஷம்சாத் திருவாரூர்வரை ஓட்டட்டும், காக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், அவர் சரியென்றால் சாவி அவளுக்கு.

ஷம்சாத்துக்குப் பயமே இல்லை. காரோடு வந்த புத்தகத்தை ஒரு பக்கம் விடாமல் படித்திருந்தாள். காக்கா வாழ்நாளெல்லாம் ஓட்டியது ஒரு பழைய அம்பாசடர். அதன் கை பிரேக் எப்போது பிடிக்கும், எப்போது கைவிடும் என்று அதற்கே தெரியாது. மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்காமல் அவருக்கு நிம்மதி கிடையாது.

ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் பாதி ஏறியபோது, எதிரே ஒரு அறுப்பு மிஷின் பாலத்தையே அடைத்துக்கொண்டு வந்தது. ஷம்சாத் நிறுத்தினாள். பின்னால் சாலையில் காயப்போட்ட நெல்லை ஒரு பெண் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். கார் பின்வாங்கினால் நேரே அவள்மேல்தான். ஷம்சாத் பிரேக்கை மிதித்தபடியே, இருக்கைகளுக்கு நடுவிலிருந்த சின்ன சுவிட்சை விரலால் மேலே இழுத்தாள். எதிரே டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. இந்தக் காரில் கை பிரேக் என்பது அவ்வளவுதான்.

"இதென்ன, ஒத்த விரல்ல? பிரேக்க நல்லா அமுக்கணும் புள்ள."

சொன்னதோடு நிற்காமல், காக்கா கட்டைவிரலால் சுவிட்சை அழுத்தி அமுக்கினார். எதற்கும் ஒரு கல் இருக்கட்டும் என்று இறங்கிக் கதவையும் சாத்தினார்.

சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. ஷம்சாத் அதைப் பார்த்துவிட்டாள். ஊரில் பிரேக் என்றால் அமுக்குவதுதான். இந்தச் சுவிட்சை அமுக்கினால் விட்டுவிடும். நல்லவேளை, அவள் இன்னும் காலை எடுக்கவில்லை. மறுபடி இழுத்து, விளக்கைப் பார்த்து, பிறகே காலை எடுத்தாள். கார் அசையவில்லை. கண்ணாடியை இறக்கினாள்.

"காக்கா, அத அமுக்குனா விட்டுரும். இழுத்தாத்தான் புடிக்கும். வந்து ஏறுங்க."

காக்கா கையில் அரைச் செங்கல்லோடு நின்றார். "நீ கால எடுத்துராத. இத வச்சுட்டு வர்றேன்."

"எடுத்தாச்சு காக்கா. பாருங்க, நிக்குது."

அவர் குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் மிஷின் கடந்துபோக, பின்னால் வந்து நின்ற பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. ஷம்சாத் ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தாள். பிரேக் தானாகவே விட்டுக்கொடுத்தது. கார் துளிகூடப் பின்வாங்காமல் மேட்டை ஏறியது.

பாலம் தாண்டிச் சமதரையில் காத்திருந்தாள். காக்கா மூச்சுவாங்க நடந்துவந்தார். காதில் போன், கையில் அதே செங்கல். மறுமுனையில் ஹபீப் என்பது அவள் காதில் விழுந்த பேச்சிலேயே தெரிந்தது.

"வண்டி ஓரடி பின்னால போகல மாப்ள. நான்தான் பின்னால நின்னுட்டேன். சாவி அவகிட்டயே இருக்கட்டும்."