இருபதாயிரம் போன்களுக்கு ஒரு கேள்வி

காலையில் நான் கணினி அறிவியல் கடைசி வருட மாணவி. மதியம், மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஆப் செய்கிற கம்பெனியில் தற்காலிக ஊழியர். சாயங்காலம், தையல் கடைக்கு மேல்மாடியில், பெரியவர்களுக்கு ஆப் எழுதச் சொல்லித்தரும் டீச்சர். "இரட்டைக் குதிரைச் சவாரியே ஆபத்து, நீ மூணுல உட்கார்ந்திருக்கே" என்பாள் அம்மா. விழும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அன்று மாலை ஏழு மணிக்கு முதலாளி என் வேலை நிரந்தரமா இல்லையா என்று போனில் சொல்வதாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குஷியில் வகுப்பில், "இன்னிக்கு நம்ம சோதனை ஆப்ல ஒரு நோட்டிபிகேஷன் அனுப்பிப் பார்க்கலாம். என்ன எழுதலாம்?" என்றேன்.

கீழ்க்கடைத் தையல்காரர் கையைத் தூக்கினார். "'மாத்திரை போட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க'ன்னு எழுதுங்க டீச்சர். இடுப்பளவு கேட்டாலே ஜனங்க உண்மை சொல்றதில்ல."

எழுதி அனுப்பினேன். மேசையில் வரிசையாக வைத்திருந்த ஆறு சோதனைப் போன்களும் வாய் திறக்கவில்லை. இன்னொரு மாணவியான பேக்கரி அக்காவின் கைப்பைக்குள் மட்டும் டிங் என்றது.

"எனக்கு வந்துடுச்சு டீச்சர்."

"உங்க போன்ல நம்ம சோதனை ஆப் இல்லையேக்கா?"

"இல்ல. இது என் பிரஷர் மாத்திரைக்கு நான் வச்சிருக்கிற உங்க கம்பெனி ஆப்."

லேப்டாப்பை இழுத்துப் பார்த்தேன். வகுப்புக்கும் நான் கொண்டுவரும் அலுவலக லேப்டாப்பில் சோதனைத் திரை ஒன்று, வாடிக்கையாளர்களுக்குப் போகும் நிஜத் திரை ஒன்று. நிஜத்துக்குச் சிவப்புப் பூசச் சொல்லியிருந்தார்கள். சிவப்பு கண்ணை உறுத்துகிறது என்று இரண்டுக்கும் ஒரே பச்சையைப் பூசிய மகாராணி நான்தான். கேள்வி இருபதாயிரம் பேருக்குப் போய்விட்டது.

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் நம் ஆப்பால் மாத்திரை போடுகிறார்கள் என்று முதலாளி கூட்டத்துக்குக் கூட்டம் மார்தட்டுவார். இப்போது ஆட்கள் மாத்திரை போடாமலே அழுத்திய 'போட்டாச்சு' பட்டனின் பதிவைத் தாங்களே அழிக்க, திரையில் அந்த எண் எண்பது, எழுபது, அறுபத்தொன்று என்று இறங்கியது. தையல்காரர் வாய்விட்டு எண்ணினார். பேக்கரி அக்கா தலையைக் குனிந்துகொண்டு தன்னுடையதையும் அழித்தார். அவ்வளவு பயத்திலும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும்.

சரியாக ஏழு மணிக்குப் போன் அடித்தது.

"சார், தப்பு என்னோடதுதான். நிஜத் திரைன்னு தெரியாம அனுப்பிட்டேன். வேலை போனாலும் பரவாயில்ல."

பரவாயில்லை என்றது பச்சைப் பொய். அந்த வேலை என்றால் எனக்கு உயிர்.

"அந்தக் கேள்விய எழுதினது யாரு?"

"என் மாணவர் சார். தையல்காரர்."

மறுமுனையில் மாத்திரை அட்டை கசங்குகிற சத்தம். பிறகு மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கும் சத்தம்.

"மூணு மாசமா நானும் பட்டனை மட்டும்தான்மா அழுத்திட்டிருந்தேன்," என்றார் முதலாளி. "இனிமே தினமும் அந்தக் கேள்வியே போகட்டும். வேலை உனக்குத்தான். என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் இதச் சொல்லிடாத."

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"எதச் சொல்லக் கூடாது?"