தமிழுக்கு ஒன்று, மலையாளத்துக்கு இரண்டு

இதில் வருவதெல்லாம் சத்தியம். ஒரு சொல் கூட்டியதில்லை, ஒரு சொல் குறைத்ததும் இல்லை. நம்பாதவர்கள் பாறசாலைக்கு வரலாம். வேதபுத்தகமோ கோயில் விளக்கோ, எதை நீட்டினாலும் அதன்மேல் கை வைத்து இதை அப்படியே திருப்பிச் சொல்லலாம்.

தாசையன் வீட்டு வாசலில் அந்தப் பூட்டு ஏறியது மச்சினன் டெனில் செய்த உபகாரம். கல்ஃபிலிருந்து வருகிறவன் செண்டு பாட்டிலும் போர்வையும் கொண்டுவருவதுதானே மரியாதை? இவன் சாவியில்லாத பூட்டு வாங்கி மாட்டிவிட்டுப் போனான். போனில் தட்டினாலும் திறக்கும், விரல் வைத்தாலும் திறக்கும். அதற்குள் ஓடுகிற சாஃப்ட்வேர் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுடையது. கம்பெனியின் பெயரை எழுதினால் தாள் நாறும் என்பதால் விட்டிருக்கிறது.

தாசையனின் மகன் சிபினுக்குக் கல்யாணம். பெண் பூவார்க்காரி. அங்குள்ள சர்ச்சில் பதினொரு மணிக்குக் கெட்டு, அதாவது தாலிகட்டு. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோக வேண்டியவை மின்னும் மந்திரகோடியும். மின்னு என்றால் தாலி. மந்திரகோடி என்றால் தாலி கட்டியதும் பெண்ணின் தலையில் போடுகிற பட்டு. இரண்டும் உள்ளறையில் ஒரு தட்டத்தில் இருந்தன. புறப்படுமுன் பந்தலில் ஜெபம். அதற்கு வீட்டில் ஒருவர் மிச்சமில்லாமல் வெளியே வந்து நின்றார்கள். கதவு காற்றில் சாத்திக்கொண்டது.

அதனால் கேடில்லை, தாசையன் விரல் வைத்தால் போதும். ஆனால் ஜெபம் நீண்டது. ஜெபத்தில் கண்ணை மூடாத சில பேர் எல்லாக் கல்யாணத்துக்கும் வருவார்கள். அவர்கள் மெதுவாக வாசலுக்குப் போய், இந்தப் பூட்டுக்கு நம்மையும் தெரியுமா என்று ஆளுக்கொரு விரல் வைத்துப் பார்த்தார்கள். அம்பூரியிலிருந்து வந்த ஒருவர் காலையில் ரப்பர் வெட்டிய விரலை அப்படியே பாலோடு வைத்தார். உபதேசியார் ஆமென் சொல்லி முடித்தபோது பூட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. தாசையனின் போனில் வந்த செய்தி: பாதுகாப்புக் கருதி உங்கள் கதவு முடக்கப்பட்டது. வாடிக்கையாளர் சேவையை அழைக்கவும்.

"கம்பிப்பாரை எடுக்கட்டா அண்ணே?" என்றான் பக்கத்து வீட்டு ராஜன்.

தாசையனின் மனைவி சௌதாமினி குறுக்கே வந்து நின்றாள். "கல்யாணத்தன்னைக்கு வாசலை உடைச்ச வீட்டுக்குள்ள எந்தப் பெண்ணு கால் எடுத்து வைக்கும்? கதவை எவன் தொட்டாலும் கையை முறிப்பேன், ஆக்கும்."

தாசையன் அழைத்தார். தமிழுக்கு ஒன்றை அழுத்தவும், மலையாளத்துக்கு இரண்டை அழுத்தவும் என்றது மிஷின். ஒன்றை அழுத்தினார்.

"வணக்கம் சார், உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்றான் ஒரு பையன்.

"மக்கா, கதவு பூட்டிப்போச்சு. எனக்க மவனுக்க கல்யாணமாக்கும். தாலி உள்ள இருக்கு. அங்கெயிருந்து ஒண்ணு தொறந்து விடு."

"வாழ்த்துகள் சார். பூட்டோட சீரியல் நம்பர் சொல்லுங்க."

"அது எங்க இருக்கு?"

"கதவோட உள்பக்கம் சார்."

இந்த எல்லை நாட்டில் ஒரு நடைமுறை உண்டு. கெஞ்சுவது தமிழில், கோபம் வந்தால் மலையாளம். யாரும் சொல்லித் தந்ததல்ல. தாசையனுக்குக் கோபம் வந்தது.

"தான் மனுஷனாணோடோ? உள்ளில் போகான் பற்றுமெங்கில் தன்னெ எந்தினு விளிக்கணும்?" உள்ளே போக முடிந்தால் உன்னை எதற்குக் கூப்பிடுகிறேன் என்று அர்த்தம்.

"மன்னிக்கணும் சார், இது தமிழ்ப் பிரிவு. உங்களை மலையாளப் பிரிவுக்கு மாத்துறேன்."

அரைமணி நேரம் பாட்டுக் கேட்டபின் மலையாளப் பிரிவில் ஒரு பெண் வந்தாள். ஆதியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்டாள். தாசையன் கோபத்தை விழுங்கிக்கொண்டு, "மக்களே, உனக்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்," என்று கெஞ்சினார். கெஞ்சியதால் தமிழ் வந்துவிட்டது. அவள் தமிழ்ப் பிரிவுக்குத் தள்ளினாள். தமிழ்ப் பிரிவு மறுபடி சீரியல் நம்பர் கேட்டது. தாசையனின் வாய் மலையாளத்துக்குத் தாவியது. இப்படியே பந்துபோல அங்குமிங்கும் அடிபட்டார்.

காத்திருக்கும்போது வரும் அந்தப் பாட்டை ஊர்வலத்துக்கு வந்திருந்த பேண்டு செட்டுக்காரர்கள் கேட்டுக்கேட்டுப் படித்துவிட்டார்கள். கிளாரினெட்டுக்காரன் சும்மா இருக்கமாட்டாமல் வாசிக்கத் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தாசையன் செருப்பைக் கழற்றி எறிந்ததும்தான் நின்றது. அவர் தலையிலிருந்து ஆவி கிளம்பியது. மகள் எப்சி நிலைமையை வீணாக்காமல், சிபினின் கசங்கிய கோட்டை அப்பாவின் தலைமேல் விரித்துத் தேய்த்து எடுத்தாள். முற்றத்துத் தென்னையில் இளநீர் முழுக்கக் கொதித்தது. கீழே நின்ற ராஜன் பஞ்சாயத்துக் குழாய்க்கு ஓடித் தலையைக் கொடுத்தான்.

"உங்கள் புகார் பதிவாகிவிட்டது சார். ஏழு வேலை நாட்களுக்குள் தொடர்பு கொள்வோம்," என்றான் தமிழ்ப் பையன்.

"ஏழு நாள் கழிஞ்சா மாப்பிள்ளை மறுவீட்டுக்குப் போவணும், எலே. பெண்ணு கெட்டாமலா போவான்?"

"உங்க உணர்வு எங்களுக்குப் புரியுது சார்."

இதுதான் தாசையனை வெட்டியது. கதவு திறக்காததைக்கூடப் பொறுத்திருப்பார். தம் உணர்வு புரிந்துவிட்டது என்று ஒருவன் பெங்களூரில் ஏசியில் உட்கார்ந்து சொல்வதைப் பொறுக்க முடியவில்லை.

அப்போது சௌதாமினியின் போனில் பெண்ணின் தாய்மாமன் பொன்னப்பன் அழைத்தார். "சர்ச்சு அச்சனுக்குப் பன்னிரண்டு மணிக்குக் காஞ்சிரங்குளத்துல வேறெ கெட்டு உண்டு. அதுக்குள்ள மின்னு வந்துசேரல்லேன்னா நாங்க பெண்ணையும் கூட்டிட்டு வீட்டுக்குப் போறோம். இந்த சம்பந்தம் அத்தோட தீந்துது."

"அப்பா, நான் முன்னால சர்ச்சில போய் நிக்கட்டா?" என்றான் சிபின்.

"வெறுங்கையோட நின்னு என்ன செய்வே? கை தட்டுவியா?"

சிபினின் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் தாசையனுக்குக் கத்தத் தோன்றவில்லை. அது கத்துவதையெல்லாம் தாண்டிய கோபம். சௌதாமினியின் போனை வாங்கினார். தம் போனில் ஒன்றை அழுத்தினார், அவள் போனில் இரண்டை அழுத்தினார். இரண்டையும் ஸ்பீக்கரில் போட்டு, முகத்தோடு முகம் சேர்த்து, மாலை கட்டி மிச்சமிருந்த நூலால் இறுகக் கட்டிப் பந்தல் காலில் தொங்கவிட்டார்.

"பேசட்டு. அவனுவளும் அவனுவளும் பேசட்டு."

தமிழ்ப் பிரிவு சீரியல் நம்பர் கேட்டது. மலையாளப் பிரிவும் கேட்டது. அவன் அவளை லைனில் இருக்கச் சொன்னான், அவள் அவனை இருக்கச் சொன்னாள். இரண்டு பாட்டும் ஒன்றையொன்று கேட்டு நின்றன. கடைசியில் இருவருமே மேலதிகாரிக்கு மாற்றினார்கள். அங்கேதான் கம்பெனியின் குட்டு வெளிப்பட்டது. இரண்டு பிரிவுக்கும் மேலதிகாரி ஒரே ஆள், பெயர் அகிலேஷ். இடது காதில் தமிழ், வலது காதில் மலையாளம்.

"மன்னிக்கணும், இப்போதைக்கு இயலாது," என்றான் அகிலேஷ் இடப்பக்கம். அது பாறசாலை வரை வந்து திரும்பி அவன் வலக்காதில் விழுந்தது.

"ஏன் இயலாது?" என்றான்.

"ஏன் இயலாது?" என்று கேட்டது இடக்காது.

"உங்க உணர்வு எங்களுக்குப் புரியுது," என்றான் வழக்கம்போல. அதுவும் திரும்பி வந்தது. தன் கம்பெனியின் சேவை எப்படியிருக்கும் என்று அகிலேஷ் முதன்முறையாக அனுபவித்தான். பத்து நிமிஷம் தாங்கினான். பின்பு பந்தலே அதிரும்படி தன்னைத்தானே ஏசிவிட்டு, கண்ணில் பட்ட எல்லாப் பொத்தான்களிலும் ஓங்கி அடித்தான்.

தாசையன் வீட்டுக் கதவு திறந்தது. அதோடு நிற்கவில்லை. அந்தக் கம்பெனிப் பூட்டு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் திறந்தது. பூவார் ரிசார்ட்டில் குளித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் துண்டோடு காயலைப் பார்த்து நின்றார்கள். வழியில் எந்த வீட்டைப் பார்த்தாலும் கதவு மலர்ந்து கிடந்தது.

மின்னும் மந்திரகோடியும் சர்ச்சுக்குள் நுழைந்தபோது அச்சன் பைக் ஸ்டார்ட் பண்ணியிருந்தார். இறக்கிக் கூட்டிவந்தார்கள். சிபின் தாலியைக் கையில் எடுத்த நேரம் தாசையனின் போன் அடித்தது.

"சார், உங்க பிரச்சினை தீர்ந்ததா? எங்க சேவைக்கு அஞ்சு நட்சத்திரத்துல எத்தனை தருவீங்க?"

தாசையன் சர்ச்சுக்கு வெளியே வந்து, முதலில் தமிழில் தொடங்கி, பின் மலையாளத்துக்குப் போய், இரண்டும் போதாமல் வந்தபோது புதிதாகச் சிலதை உண்டாக்கியும் பதில் சொன்னார். கெட்டு முடிந்து, சாப்பாடு முடிந்து, வந்தவர்கள் கை கழுவிப் போன பிறகும் அவர் சொல்லி முடிக்கவில்லை. இன்றைக்கும் அந்த எண்ணை அழைத்தால் பாட்டுக்குப் பதில் தாசையனின் குரல்தான் கேட்கும்.

சிபினின் மகன் இப்போது பாறசாலையில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான்.