கல்லறைக்குப் போகிற வழி

சவரிநாதன் விடியற்காலையில் கண்ணை மூடினார். வெயில் ஏறுவதற்குள் அவரை எங்கே புதைப்பது என்று, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் சண்டை வந்துவிட்டது. உயிரோடு இருந்தவரை யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காத மனுஷன், செத்த பிறகு இத்தனை பேரைக் கத்த வைத்தார்.

மகள் ஜோசலினுக்கு அதில் இரண்டாவது பேச்சே இல்லை. அம்மாவுக்குப் பக்கத்தில்தான். கோலா கிளாவாங்கிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற அந்தத் தோட்டத்தின் பழைய கல்லறையில், அம்மாவுக்கு அடுத்த இடத்தைப் புல் மண்டாமல் அப்பாவே செதுக்கி வைத்திருந்தார். சிரம்பானில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கும் ஜோசலின் சனி ஞாயிறு வரும்போதெல்லாம், "என்னைக் கொண்டு போயி சிரம்பான்ல எரிச்சிடாதம்மா, அவ இங்க தனியா கெடப்பா" என்பார். "சரிப்பா, சரிப்பா" என்று இவளும் சொல்லியிருக்கிறாள். சொன்ன வாக்கைக் காப்பாற்ற இப்போது வழியில்லை.

ஏனென்றால் கல்லறைக்குப் போகிற வழியில் ஒரு வருஷமாகச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது.

கல்லறைக்கு நேராகப் போன பழைய தோட்டத்துச் சடக்கு, அந்த ரோடு, என்றைக்கோ போய்விட்டது. ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட கம்பெனி நடுவில் பெரிய கால்வாய் வெட்டிவிட்டது. மிச்சம் இருந்தது மலாய்க்காரர்கள் குடியிருக்கிற பக்கத்துக் கம்பத்தில், எல்லாரும் மரியாதையாகப் பாக் சிக் என்று கூப்பிடும் இட்ரிஸ் வீட்டு டுரியான் தோப்புக்குள் போகிற மண் பாதை ஒன்றுதான். அதன் முகப்பில் ஓர் இரும்புக் கேட்டு இருந்தது, ஆனால் யாரும் பூட்டியதில்லை. போன வருஷம் அந்தோனியார் திருநாளில் லயத்துப் பையன்கள் அந்த வீட்டு வாசலில் பட்டாசைக் கொளுத்திப் போட்டார்கள். இட்ரிஸின் மகன்கள் இறங்கி வந்தார்கள். அங்கே ஒருவனுக்குப் பல் போனது, இங்கே ஜோசலினின் தம்பி பிரெண்டனுக்கு மண்டையில் தையல். இரண்டு பக்கமும் போலீஸ் ரிப்போர்ட். கொஞ்ச நாளில் கேட்டில் சங்கிலி தொங்கியது. அப்புறம் அக்கம்பக்கக் குழு என்று ஒன்று கூடியது, கூடியது, கூடிக்கொண்டே இருந்தது. பட்டாசுக்கு மன்னிப்புக் கேட்டார்கள், கை குலுக்கினார்கள், போட்டோ பிடித்தார்கள். சங்கிலி மட்டும் அப்படியே கிடந்தது.

மத்தியானம், இட்ரிஸ் வீட்டுக்கு வழி கேட்கப் போன ஆம்பளைகள் திரும்பி வந்தார்கள். முன்னால் வந்தவர் குணாளன், ஒரு காலத்தில் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய மண்டோர், இப்போது கோயில் கமிட்டித் தலைவர். முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்னாண்ணே சொன்னாரு?" என்று எழுந்து வந்தாள் ஜோசலின்.

"என்னாத்த சொல்றது? உக்காரச் சொன்னாரு. கோப்பி குடுத்தாரு. வழிய விடுங்கன்னு கேட்டா, 'நான் ஒண்ணும் சொல்ல முடியாது'ங்குறாரு. நான் எத்தன விதமா கேட்டுப் பாத்துட்டேன் லா. தலைய தொங்கப் போட்டுக்கிட்டு அதே பேச்சு. சாவுன்னு போனவங்கள இப்படியா விரட்டுறது?"

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரெண்டன் எழுந்தான். லாரி ஓட்டுகிறவன், கை முந்தும், கோபம் அதைவிட முந்தும்.

"சும்மா வுடுங்கண்ணே. லாரில கட்டர் இருக்கு. ஒரு சங்கிலி வெட்ட எம்புட்டு நேரமாவும்? எவன் வரான்னு பாத்துறலாம்."

பையன்கள் நாலைந்து பேர் கூடவே எழுந்தார்கள். நாலு மணிக்குப் பாதிரியார் வந்துவிடுவார். வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. இவன் கட்டரைத் தூக்கிக்கொண்டு போனால் அந்த வீட்டுப் பையன்கள் பாராங் கத்தியை எடுப்பார்கள். அப்பாவைப் புதைக்கப் போய் இன்னொருவனைப் புதைக்க வேண்டி வரும்.

"உக்காருடா!" என்று அதட்டினாள். "அண்ணே, நீங்க யார்கிட்ட கேட்டீங்க? பாக் சிக் கிட்ட மட்டுமா?"

"வேற யார்கிட்ட கேக்குறது? ஊட்டு ஆம்பள அவருதான?"

ஜோசலின் தலையில் கை வைத்துக்கொண்டாள். அட கடவுளே! இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் இது ஒருத்தருக்கும் உறைக்கவில்லையா? இந்தக் கம்பங்களில் நிலம் பொம்பளைப் பேரில்தான். தாயிடமிருந்து மகளுக்குப் போகும். இட்ரிஸ், ரொஹாயாவைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டோடு வந்து இருக்கிறவர். வேறு ஜில்லாவிலிருந்து வந்த ஒருவனுக்குத் தெரியாவிட்டால் மன்னிக்கலாம். குணாளனுக்குத் தெரியும். தெரிந்தும், பேச்சு என்று வந்தால் ஆம்பளை ஆம்பளையிடம்தான் போவான். ஒரு வருஷக் கூட்டமும் அப்படித்தான் நடந்தது. ஒன்றும் சொல்ல முடியாது என்று அந்த மனுஷன் சொன்னது சத்தியமான உண்மை.

"நான் போறேன்," என்றாள். "ரொஹாயா மக் சிக்கப் பாத்துட்டு வரேன். நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் கேட்டுப் பக்கம் போவக்கூடாது. டேய் பிரெண்டன், அப்பா மேல ஆணையா சொல்றேன்."

அவன் கண் லாரிப் பக்கமே இருந்தது. அதை அவள் கவனித்திருக்க வேண்டும்.

முன் வாசலில் இட்ரிஸ் உட்கார்ந்திருந்தார். படியில் அவருடைய மகன்கள் இரண்டு பேர். ஜோசலினைக் கண்டதும் அவர்கள் எழுந்து நின்ற விதம் நன்றாக இல்லை. அவள் படியேறாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். அடுப்படிக் கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மலாயில் சலாம் சொன்னாள்.

ரொஹாயா பருமனான பெண், அறுபது வயதிருக்கும். அடுப்பில் மரவள்ளி இலையைத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியமும் இல்லை, வரவேற்பும் இல்லை.

"உன் அப்பா போய்விட்டாராம். கேள்விப்பட்டேன்."

"ஆமாம், மக் சிக். வழி கேட்டு வந்திருக்கேன். உங்ககிட்ட முதல்லயே வந்திருக்கணும்."

"ஆமாம். வந்திருக்கணும்." கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒரு வருஷமா உங்க ஆட்கள் பட்டாசு, பட்டாசுன்னு என் வீட்டுக்காரர்கிட்ட பேசுறாங்க. பட்டாசு யாருக்கு வேணும்? பையன்கள் எல்லா இடத்துலயும் பையன்கள்தான். நான் பூட்டினது பட்டாசுக்காக இல்லை."

ஜோசலினுக்குப் புரியவில்லை. "பின்னே?"

"உன் அப்பாவுக்காக."

ரொஹாயாவின் குரல் உயரவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"என் அம்மாவோட ரப்பர்த் தோப்புல உன் அப்பா எத்தனை வருஷம் பால் வெட்டினார்? தினமும் இந்த அடுப்படியில, இதோ இங்க, கோப்பி குடிச்சிட்டுத்தான் போவார். எங்க அம்மா அவரைத் தம்பின்னுதான் கூப்பிடுவாங்க. அந்த அம்மா செத்தாங்க. அடக்கம் முடிஞ்ச பிறகு உன் அப்பாவும் லயத்து ஆட்களும் வந்தாங்க. உட்கார்ந்தாங்க. நான் என் கையால சோறு போட்டுக் கொண்டு வந்து வெச்சேன். உன் அப்பா தட்டைத் தள்ளினார். தண்ணிகூடத் தொடலை. எல்லாரும் அப்படியே. அப்புறம் எழுந்து போயிட்டாங்க. வரேன்னு ஒரு வார்த்தை இல்லை, ஒரு சலாம் இல்லை. என் அம்மா வீட்டுச் சோறு அன்னைக்கு மட்டும் அசிங்கமாப் போச்சா? பட்டாசுச் சண்டையை என் செத்த அம்மாகிட்டயா காட்டுறது?"

அவள் கண் கலங்கிவிட்டது. தலையில் போட்டிருந்த துணியால் துடைக்கவும் இல்லை.

ஐயோ, இதற்கா? இதற்காகவா ஒரு வருஷம்? ஜோசலின் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் ரொஹாயா ஒரு தட்டில் சோற்றைப் போட்டாள், கீரையை ஊற்றினாள், பொரித்த கருவாடு ஒன்றை வைத்தாள். தரையில் பாய்மேல் வைத்தாள்.

"சாப்பிடு. உன் அப்பா சாப்பிடலை. நீ சாப்பிடு. அப்புறம் வழியைப் பத்திப் பேசலாம்."

ஜோசலின் உட்கார்ந்தாள். காலையிலிருந்து வாயில் எச்சில் தவிர ஒன்றும் போகவில்லை. அப்பா இன்னும் வீட்டில் கிடக்கிறார். பெட்டியை மூடவில்லை. லயத்தில் ஒரு வீட்டிலும் அடுப்பு பற்றவைக்கவில்லை. வாசலில் நிற்கிற மகன்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்பது தெரிந்தது. சோற்றைத் தொட்டாள். பிசைந்தாள். வாய் வரைக்கும் கொண்டு போன கை அங்கேயே நின்றுவிட்டது. கண்ணீர் பொலபொலவென்று தட்டில் விழுந்தது.

"பார்த்தியா," என்றாள் ரொஹாயா கசப்பாக. "உன்னாலயும் முடியலை."

"முடியும் மக் சிக். நீங்க சொன்னா சாப்பிடுறேன்." அழுகையும் மலாயும் கலந்து குழறியது. "எங்க அப்பா எங்க அம்மா பக்கத்துல போகணும், அதுக்கு நான் எதுவும் செய்வேன். ஆனா பொணம் வீட்டுல இருக்குறப்ப எங்க ஆளுங்க வாயில ஒண்ணும் வைக்க மாட்டோம். அடக்கம் முடிஞ்சி, தலை முழுகினாத்தான் சாப்பாடு. எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் அங்க கை நனைக்க மாட்டோம். துக்கம் அப்படி. சொல்லிட்டுப் போகவும் மாட்டோம். போயிட்டு வரேன்னு சொன்னா இன்னொரு சாவுக்கு வரேன்னு சொல்ற மாதிரி. அன்னைக்கு அப்பா உங்க வீட்டுலேர்ந்து வந்து குளிச்சாராம், சுவத்தப் பாத்துப் படுத்தாராம். ராத்திரியும் சாப்பிடலையாம். ஏம்பான்னு போன்ல கேட்டேன். எங்க அக்கா போயிட்டாம்மான்னு சொன்னாரு."

அவள் கையில் இருந்த சோற்றை மறுபடி வாய்க்குக் கொண்டு போனாள். சாப்பிடத்தான் போனாள், பொய் இல்லை.

ரொஹாயா பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஜாங்கான், வேண்டாம். வேண்டாம்மா." கையில் இருந்த சோற்றைத் தானே வழித்துத் தட்டில் போட்டாள். அந்தக் கையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "அக்கான்னா சொன்னார்? ஏன் யாரும் சொல்லலை? ஒரு வருஷம்! அந்த மனுஷன் கேட்டு வரைக்கும் வந்து நிப்பார், தெரியுமா? நான் ஜன்னலைச் சாத்திக்குவேன்."

பிறகு எழுந்தாள். சுவரில் ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்தாள். "வா" என்றாள்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. டங் என்று ஓர் இரும்புச் சத்தம். அதற்குப் பின் ஆம்பளைகளின் கத்தல்.

பாவிப் பயல்! ஜோசலின் கழுவாத கையோடு ஓடினாள். கேட்டில் பிரெண்டன் கட்டரோடு நின்றான். சங்கிலி இரண்டு துண்டாய்த் தொங்கியது. அவனுக்குப் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லயமே வந்திருந்தது. எதிரே இட்ரிஸின் மகன்கள், பெரியவன் கையில் பாராங். இட்ரிஸ் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கையை விரித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார், அவர் பேச்சு ஒருவர் காதிலும் ஏறவில்லை.

"அக்கா, வழி தொறந்தாச்சு! தூக்குங்கடா!" என்றான் பிரெண்டன்.

ஜோசலின் கேட்டுக்கு நடுவில் போய் நின்றுகொண்டாள். "ஒரு அடி வெச்சீங்க, நான் இங்கயே வுழுந்து செத்துருவேன்."

"என்னாக்கா..."

"அப்பாவ திருட்டு வழில கொண்டு போறியா? திருப்புடா பெட்டிய. சிரம்பானுக்கே கொண்டு போவோம். எரிச்சிடுவோம். வெட்டுன கேட்டுல எங்கப்பா போவ மாட்டாரு."

சொல்லும்போதே அவளுக்கு உள்ளே எல்லாம் இற்றுவிழுந்தது. அம்மா தனியாகக் கிடப்பாள். கொடுத்த வாக்கு போயிற்று. இருந்தாலும் அதைத்தான் சொன்னாள். பிரெண்டன் கட்டரைப் பிடித்தபடி விழித்தான். பெரியவன் பாராங்கை இன்னும் தாழ்த்தவில்லை. மழைத்துளி விழ ஆரம்பித்தது.

ரொஹாயா மெதுவாக நடந்து வந்தாள். மகனிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள், அவன் பாராங்கைப் புல்லில் போட்டான். வெட்டிய சங்கிலியின் இரண்டு நுனியையும் கையில் எடுத்துப் பார்த்தாள். பிரெண்டனை ஒரு முறை பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கேட்டை இழுத்து மூடினாள். கூட்டத்தில் யாரோ ஐயோ என்றார்கள். ஜோசலின் வாயைப் பொத்திக்கொண்டாள். ரொஹாயா பழைய பூட்டைச் சாவி போட்டுத் திறந்து எடுத்தாள். வெட்டிய இரண்டு நுனியையும் சேர்த்து அந்தப் பூட்டைக் கோத்து, அழுத்திப் பூட்டினாள். கேட்டு மறுபடி பூட்டிய கேட்டானது. எல்லாரும் பார்க்கும்படி ஒரு முறை ஆட்டியும் காட்டினாள்.

அப்புறம் சாவியைப் போட்டுத் திறந்தாள். சங்கிலியை உருவித் தரையில் போட்டாள். கேட்டை இரண்டு கையாலும் அகலத் தள்ளினாள்.

"இது என் அம்மாவோட நிலம்," என்றாள். "நான் திறக்கிறேன். அம்மாவோட தம்பி வரட்டும்."

ஜோசலின் அதைத் தமிழில் திருப்பிச் சொன்னாள், பாதியில் குரல் உடைந்தது. ஆனால் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பிரெண்டன் கட்டரைப் புதருக்குள் எறிந்துவிட்டு ஓடிப்போய்ப் பெட்டியின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தான். பாதிரியாரும் வந்து சேர்ந்திருந்தார். செபமாலை சொல்லிக்கொண்டு பெட்டி நகர்ந்தது. இட்ரிஸ் தலையைக் குனிந்து நின்றார், மகன்கள் பாதையை விட்டு விலகினார்கள்.

கேட்டுக்கு நேரே வந்ததும் ரொஹாயா பிரெண்டனை நிறுத்தினாள். அவன் பயந்து போய் நின்றான். அவள் சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினாள்.

"பூட்டுக்கு ரெண்டு சாவி. உன் அம்மா அப்பா ரெண்டு பேரும் இனி என் நிலத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்காங்க? எப்ப வேணும்னாலும் வா. வெட்டாதே."

அவனுக்கு இரண்டு கையும் பெட்டியில் இருந்தன, வாங்க முடியவில்லை. ரொஹாயாவே அந்தச் சாவியை அவன் சட்டைப் பையில் போட்டாள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், ஓவென்று கதறிவிட்டான். அவன் தோள் குலுங்கியதில் பெட்டியும் குலுங்கியது.

"டேய், பெட்டி ஆடுதுடா," என்றார் பின்னால் தூக்கி வந்த குணாளன், அவரும் அழுதுகொண்டே. "நேரா நட."

பிரெண்டன் அழுகையை நிறுத்தவில்லை, ஆனால் நேராக நடந்தான்.