பின்கனம்

மூன்றாவது கரண்டியும் வெளியேதான் வந்தது. கடைவாயில் கறுப்பாக வழிந்து கழுத்துச் சுருக்கங்களுக்குள் இறங்கிய மண்தண்ணீரை யோகலட்சுமி சேலைத் தலைப்பால் துடைத்தாள். ஒன்பது நாளாகப் பாலும் இளநீரும் சொட்டுச் சொட்டாக இறங்கிய தொண்டைதான் அது. மண் கரைத்த தண்ணீரை மட்டும் எப்படியோ அடையாளம் கண்டு துப்பிவிடுகிறது.

"இது அவன் மண்ணு இல்லட்டி. வாய்க்குத் தெரியுது பாரு" என்றாள் வெயிலம்மாள் அத்தை. கட்டிலில் கிடந்த அப்பா சுடலைராஜுக்கு அவள் கூடப்பிறந்த அக்காள். எழுபத்தைந்து வயதிலும் குரல் மட்டும் வெண்கலம்.

மண்ணை அள்ளிக்கொண்டு வந்த பக்கத்துப் புஞ்சைக்காரன் முப்பிடாதிக்கு ரோஷம் வந்துவிட்டது. "கரிசல்ல என்ன பெரியம்மா, ஒம்மண்ணு எம்மண்ணுன்னு? வரப்புக்கு இந்தப் பக்கம் அள்ளுனேன், அவ்வளவுதான். ரெண்டுக்கும் ஒரே மழை, ஒரே வெயிலு."

"பொறவு ஏன் துப்புதான்? நீ ஒரு வாய் குடிச்சுப் பாத்துச் சொல்லு."

முப்பிடாதி மிச்ச மண்ணை வாசலில் கொட்டிவிட்டு வந்தான்.

உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், ஆசை எதிலோ மாட்டியிருக்கிறது என்பது அந்தப் பக்கத்துக் கணக்கு. பொன்னாசை என்றால் மோதிரத்தை உரசிக் கொடுப்பார்கள். மண்ணாசை என்றால் அவரவர் நிலத்து மண்ணை ஒரு சிட்டிகை தண்ணீரில் கரைத்து ஊற்றுவார்கள். ஆசுபத்திரியில், "இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிய மூன்றாம் நாளே அத்தை மண்ணைக் கேட்டுவிட்டாள். எல்லாம் சரி, மண்ணுக்கு எங்கே போவது?

சுடலைராஜின் மூன்றே முக்கால் ஏக்கரும் போன வருஷம் சோலார் கம்பெனிக்குப் போய்விட்டது. மகன் மணிராஜ் வேலிவரை போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தான். லாரியில் இந்தியாவையே சுற்றுகிறவனுக்குத் தன் புஞ்சையில் திசை தெரியவில்லை. "எது நம்ம இடம்னே தெரியலக்கா. பூராம் கண்ணாடி. கீழ எங்கேயோ இருந்து செஞ்சரளைக் கொண்டாந்து கொட்டி மேவிட்டாங்க. ஒரு பிடி கரிசல் கண்ணுல படல" என்று சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

அந்த நிலத்தைக் கொடுக்கச் சொன்னது யோகலட்சுமிதான். புதியம்புத்தூரில் தையல் மிஷினில் உட்கார்ந்து பாவாடை தைக்கிறவள், லீவு போட்டு வந்து, இரண்டு நாள் அப்பாவோடு மல்லுக்கு நின்றாள். "விதைக்கிறது நீங்க, திங்கிறது பன்னி. இன்னும் எத்தனை வருசத்துக்குக் காவல் பரண்ல கிடந்து சாவீங்க?" என்று கேட்டாள். சுடலைராஜ் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி மேஜையில் வைத்தவர்தான், மகளோடு அன்று பேச்சை நிறுத்தினார். பதினோரு மாதம். அவள் வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அவள் வைக்கும் சோற்றைத் தின்பார், ஆனால் போதும் வேண்டாம் என்றுகூட ஒரு சொல் கிடையாது. அப்புறம் வாதம் வந்து விழுந்ததில் பேச்சே போயிற்று. இனி அவர் நினைத்தாலும் முடியாது என்று டாக்டர் சொன்னார். யோகலட்சுமிதான் நம்பவில்லை. ஒரே ஒரு சொல், 'யோகம்' என்று தன் பெயரை மட்டும் சொன்னால்கூடப் போதும் என்று ஒன்பது நாளாக அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினாலும் சரிதான்.

வெளியே சித்திரை வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. தெருவில் நாய்கூட இல்லை. அந்த நேரத்தில்தான் மேலேயிருந்து அந்தச் சத்தம் வந்தது.

சரக்.

காய்ந்த கட்டி ஒன்று பெட்டிக்குள் இடம் மாறி உட்காருவதுபோல, ஒரே ஒரு தடவை.

அத்தை நிமிர்ந்தாள். "கேட்டியாட்டி?"

"எலியா இருக்கும்த்தே."

"நல்ல எலிதான். ஒம்பது நாளா கரெக்டா உச்சிக்கு மட்டும் வருது!"

உத்தரத்துக் கொக்கியில், ஒரே ஒரு கயிற்று வளையத்தில், சுடலைராஜின் ஏர்கன் தொங்கிக்கொண்டிருந்தது. படுக்கைவசமாக, முன்னும் தாழாமல் பின்னும் தாழாமல். ஓடு போட்ட அந்த வீட்டில் நேராக இருந்த ஒரே சாமான் அதுதான். சுவரெல்லாம் கரிசல் வீங்கிச் சுருங்கியதில் என்றைக்கோ வெடித்துப் போயிருந்தது.

யோகலட்சுமி அப்பாவின் கண்ணைப் பார்த்தாள். அது அவளைப் பார்க்கவில்லை, வாசலையும் பார்க்கவில்லை. எமனைப் பார்க்கிறார், மேலே பார்க்கிறார் என்று வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்தது துப்பாக்கியை. அதிலும் பின்கட்டையை.



மக்காச்சோளம் போட்ட வருஷம் பன்றி விரட்ட வாங்கியது அது. கொல்லுவதற்கு இல்லை, பின்புறத்தில் ஒன்று சுரீரென்று பட்டால் மறுநாள் வராது என்பார். வாங்கி வந்த அன்றே குறை கண்டுபிடித்துவிட்டார். தோளில் வைக்கிற கட்டை வெறும் பிளாஸ்டிக், உள்ளே பொந்து. "குழலு முன்னால இழுக்குது. பின்கனம் வேணும்" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். குளத்தூர்ப் பக்கம் போய் மீன்வலை ஈயக்குண்டு வாங்கி வந்து உள்ளே போட்டார். அது நடக்கும்போதெல்லாம் கலகலவென்று ஆடியது. இவர் பரணில் ஏறுவதற்குள் பன்றிக்குத் தகவல் போய்விடும். ஈயத்தைக் கொட்டிவிட்டார்.

கடைசியில் செய்தது பைத்தியக்கார வேலை. தன் புஞ்சை மண்ணை வெட்டிக் குழைத்து, உருண்டை பிடித்து, பொந்துக்குள் திணித்து ரப்பர் மூடியைத் திருகிவிட்டார். மழைக்கு வீங்கி வீட்டுச் சுவரையே பிளக்கிற கரிசல், பிளாஸ்டிக்கை விடுமா? பிறந்ததிலிருந்து அதில் உழுதவருக்கு இது தெரியாதா? ஐப்பசி மழையில் கட்டை 'டப்'பென்று வெடித்தது. ஊரே சிரித்தது, உள்ளே இருந்தது மண் என்று தெரியாமலேயே. அவர் அசரவில்லை, வெடிப்புக்கு மேல் செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி இறுக்கினார். நிலத்தைக் கொடுப்பதற்கு முந்தின பொங்கலில், யோகலட்சுமியைக் கூப்பிட்டுத் துப்பாக்கியை ஒற்றை விரலில் வைத்துக் காட்டினார். அசையாமல் நின்றது.

"பாத்தியா யோகம்? நம்ம மண்ணு எப்படி நிக்குதுன்னு."

அந்த மண்.

அந்த வீட்டில் இது அவள் ஒருத்திக்குத்தான் ஞாபகம் வந்திருக்கிறது. அத்தைக்குத் தெரியாது. தம்பி அப்போது குஜராத்தில். சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன? இன்னும் இரண்டு நாள், நான்கு நாள் கிடப்பார். நான்கு நாளில் நாக்கு புரளாது என்று எவன் கண்டான்? கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சுடலைராஜுக்கு முதுகெல்லாம் புண். மூச்சு ஒவ்வொன்றும் கிணற்றிலிருந்து வாளி இழுப்பதுபோல வந்தது. அந்த ஒரு சொல்லுக்காக இந்த மனுஷரைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறோமே என்று தோன்றியபோது அவளுக்கு அவமானமாக இருந்தது.

"மணி, திருப்புளி எடுத்துட்டு வா" என்றாள்.

மணிராஜ் ஏணி போட்டு வளையத்திலிருந்து துப்பாக்கியை இறக்கினான். ரப்பர் மூடியின் இரண்டு திருகாணியையும் அவள்தான் கழற்றினாள். காய்ந்து கல்லாகிப் போயிருக்கும், குத்தி எடுக்க வேண்டும் என்று ஓர் ஆணியையும் பக்கத்தில் வைத்திருந்தாள். ஆணிக்கு வேலை இருக்கவில்லை. தட்டில் கவிழ்த்ததும் மண் முழுசாகச் சறுக்கி விழுந்தது. கறுகறுவென்று, ஈரமாக, காலையில்தான் வெட்டியதுபோல. முதல் மழை பெய்த வாசம் வீட்டுக்குள் பரவியது. மண்ணுக்குள் ஒரு கோரைக் கிழங்கு வெள்ளையாக முளை விட்டிருந்தது.



"இவ்வளவு ஈரமா இருந்தா, அந்தச் சத்தம் எங்கேருந்து வந்துச்சு?" என்று முப்பிடாதிதான் மெல்லக் கேட்டான். வெயிலம்மாள் நெஞ்சில் கைவைத்து, "சுடலைமாடா" என்று மட்டும் சொன்னாள்.

மணிராஜ் துப்பாக்கியைப் பழைய வளையத்திலேயே மாட்டினான். மாட்டியதும் குழல் சரேலென்று கீழே சாய்ந்து, கட்டையை மேலே தூக்கிக்கொண்டு, கட்டிலின் கால்மாட்டைப் பார்த்து நின்றது.

யோகலட்சுமி ஒரு சிட்டிகை மண்ணைத் தண்ணீரில் கரைத்தாள். கரண்டியை உதட்டருகே கொண்டுபோனாள்.

"எய்யா, நம்ம புஞ்சை மண்ணுய்யா. வாயைத் திறங்க."

திறந்தது. தொண்டைக்குழி ஏறி இறங்கியது. ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை.

இரண்டாவது கரண்டியும் இறங்கியது. அப்போது கண் துப்பாக்கியை விட்டுக் கீழே வந்தது. பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். உதடு லேசாக நடுங்கி, வாய் மறுபடி திறந்தது.

அவள் மூன்றாவது கரண்டியை ஊற்றிவிட்டாள்.

தண்ணீர் உள்ளே போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்த வாய் தண்ணீருக்குத் திறந்ததா, வேறு எதற்காவதா? "எய்யா? என்னய்யா? சொல்லுங்கய்யா!" என்று உலுக்கினாள். தொண்டை ஒரு தடவை ஏறியது. இறங்கவில்லை. முகத்தைப் பார்த்த கண் அப்படியே நின்றுபோயிற்று.

"போயிட்டாண்டி" என்றாள் அத்தை. பிறகு தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடி, தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஓங்கி அழுதாள்.

மற்றதெல்லாம் மளமளவென்று நடந்தது. கோடை, வைத்திருக்க முடியாது. கயத்தாறிலிருந்து சொந்தக்காரர்கள் வந்ததும் நாலு மணிக்கெல்லாம் எடுத்துவிட்டார்கள். கிளம்பும்போது மணிராஜ் தட்டோடு மிச்ச மண்ணையும் எடுத்துக்கொண்டான். குழியில் முதல் பிடியாக அதைத்தான் போடப்போவதாகச் சொன்னான். யோகலட்சுமி தலையாட்டினாள். தெரு முக்குவரை போய்விட்டுப் பெண்களோடு திரும்பினாள். குளித்து வந்து, வீட்டைக் கழுவித் தள்ளினாள். கட்டில் கிடந்த இடத்தில் விளக்கேற்றி வைத்தாள். யாரோடும் பேசவில்லை. கரண்டியைப் பிடித்த விரல்களை மட்டும் அடிக்கடி பார்த்துக்கொண்டாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஆண்கள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தார்கள். மணிராஜ் வெறும் தட்டை அடுப்படியில் கவிழ்த்தான்.

"எல்லா மண்ணையும் போட்டுட்டேன்க்கா. கோரைக் கிழங்கு உட்பட. தட்டையும் வாய்க்கால்ல கழுவிட்டேன்."

"சரிப்பா."

"எக்கா, கறுப்பட்டிக் காப்பி கொஞ்சம் போடுதியா? தலை கிறுகிறுங்குது."

"போடுதேன்" என்று எழுந்தவள் விளக்கைத் தூண்டிவிடக் குனிந்தாள். நிமிரும்போது கண் மேலே போயிற்று.

துப்பாக்கி நேராகத் தொங்கியது.

"மணி, ஏர்கன்னை எவனாவது தொட்டீங்களா?"

"நாங்க எல்லாரும் மயானத்துல இருந்தோம்லா? ஏன்?"

வெயிலம்மாள் மூலையில் முக்காடு போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஏணி வெளியே கிடந்தது. யோகலட்சுமி அதை உள்ளே கொண்டுவந்து சாத்தி, தானே ஏறி, துப்பாக்கியை இறக்கினாள். ரப்பர் மூடி மத்தியானம் கழற்றி வைத்தபடியே ஜன்னல் விளிம்பில் இருந்தது. கட்டையின் பொந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. விளக்கு வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்து உள்ளே பார்த்தாள். அடிவரை தெரிந்தது. ஒன்றும் இல்லை.

செம்புக் கம்பிக்கு ஒரு சாண் முன்னால், அப்பா வைத்துக் காட்டிய அதே இடத்தில், ஒற்றை விரலைக் கொடுத்து, மற்றக் கையை மெதுவாக எடுத்தாள்.

நின்றது.

அடுப்படியிலிருந்து தம்பி காப்பித்தூளைத் தேடிக் கேட்டான். அவளுக்குக் கேட்டது. விரலை எடுக்க மனமில்லாமல் அப்படியே நின்றாள்.