அடைக்கக் கூடாத குழாய்

காரில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஓட்டும் இடத்தில் நான், நர்மதா. எனக்கு இடப்பக்கம் என் வீட்டுக்காரர் சிவப்பிரகாஷ். பின்னால் ஆள் உட்கார இடமில்லை. ஒரு மூலையில் அரைச் சாக்கு நிலக்கடலை, இன்னொரு மூலையில் போர்வைகள், நடுவில் மூடி போட்ட தண்ணீர்க் குடம்.

"மலைக்கு எதுக்குங்க குடம்?"

"எங்க போனாலும் தண்ணி நம்ம கையில இருக்கோணும்" என்றார்.

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். காரணத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மலைமேல் சூரியநெல்லிப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்திருந்தது; தங்க இடமும் அவர்களே தருவார்கள். சேர்வதாக இருந்தால் கையெழுத்திட்ட கடிதத்தைப் புதன்கிழமைக்குள் கோட்டயத்திலிருக்கும் நிர்வாகத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். நான் சேர்வது என்று முடிவு செய்துவிட்டேன். அவரும் கூட வந்து இருப்பாரா என்பதுதான் தெரியவில்லை. "ஊரப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். சரி, பார்க்கிறதுதான் பார்க்கிறோம், கடலையும் பார்த்துவிட்டே போவோம் என்று நான்தான் வழியை நீட்டினேன்.

அவருக்கு உலகமே முறைத்தண்ணீர். எங்கள் பக்கம் கால்வாய்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். எங்கள் வயலுக்கு வியாழக்கிழமை காலை நான்கு மணி நேரம். அந்த நேரத்தில் அவர் மடையில் நிற்காத ஒரே நாள் எங்கள் கல்யாண நாள். அன்றும் மணவறையிலிருந்து தன் தம்பி ஆனந்தகுமாரை மூன்று தடவை போனில் கூப்பிட்டார்.

ஆலப்புழைக் கடலை இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "இத்தன தண்ணியும் உப்பாப் போச்சே" என்றதோடு சரி. மறுநாள் சங்கனாச்சேரி ரோட்டில், வாய்க்கால் மட்டத்துக்குக் கீழே கிடந்த வயல்களைப் பார்த்ததும், "நிறுத்து, நிறுத்து" என்று கதவைத் திறந்தார். ஒரு மோட்டார் வயல் தண்ணீரை இறைத்து வாய்க்காலில் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்புள்ள, வயல்லருந்து வாய்க்காலுக்கா எறைக்கறாங்க?"

"ஆமாங்க."

"எல்லாந் தலகீழா இருக்குது."

"அவங்க நம்மூருக்கு வந்தா இதயேதான் சொல்லுவாங்க."

முண்டக்கயம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்தவர் குமுளி வரை விடவில்லை. "விடுங்க, கழண்டு கையோட வந்துரும்" என்றேன். குமுளியில் ஏலக்காய் வாசனைக்கு நடுவே டீ குடித்தோம். பூப்பாறையைத் தாண்டியபோது வெயில் சாய்ந்து தேயிலைச் சரிவெல்லாம் மஞ்சளாக இருந்தது. அதில் அவர் குறை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

சூரியநெல்லியில் மாரீஸ்வரி, பாண்டி தம்பதியின் வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தோம். இரண்டு பேருக்கும் எஸ்டேட் வேலை.

புதன்கிழமை விடிந்து எழுந்தபோது அவரைக் காணோம். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மேலே ஊற்றிலிருந்து கறுப்பு ஓஸ் குழாய் வழியாக வரும் தண்ணீர் தொட்டியை நிறைத்து, மிச்சம் ஓடையில் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் அவரைத் தூங்க விடவில்லையாம். ஓஸின் வாயை மடக்கிக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு, நல்ல காரியம் செய்த முகத்தோடு நின்றிருந்தார்.

"ஏனுங்க, ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யலாமில்லீங்க?"

"வீணாப் போற தண்ணியப் பார்த்துட்டு நிக்கச் சொல்றியா?"

கால் மணி நேரத்தில் மாரீஸ்வரி வந்தார்.

"யாருண்ணே ஓஸக் கட்டுனது? தண்ணி போக வழியில்லாம மேல மூட்டு புடுங்கிக்கிட்டு, பூராம் தேயிலைக்குள்ள போகுது. ஆறு வீட்டுக்கு ஒத்த ஓஸுண்ணே!"

"இல்லீங்க, வீணாப் போவுதேன்னு..."

"பாலக்காட்டுல தண்ணியக்கூட கட்டிப்போட்டுத்தேன் வளப்பீகளோ?"

பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். அவர் முகம் சுருங்கிவிட்டது. போச்சு என்று நினைத்தேன். வெட்கப்பட்டால் அவர் ஊர் திரும்பும் வழியைத்தான் பார்ப்பார். நான் மட்டும் வந்து தங்குவேன் என்று நிர்வாகத்துக்கான கடிதத்தை மனதுக்குள் எழுதவே தொடங்கிவிட்டேன்.

அவர் கயிற்றை அவிழ்த்தார். பாண்டியைப் பார்த்து, "கத்தி ஒண்ணு, பழைய டயர் ட்யூப்பு, பிளாஸ்க்குல சுடுதண்ணி. இருக்குங்களா?" என்றார். சொட்டுநீர்க் குழாய்களோடு பத்து வருடம் மல்லுக்கட்டிய மனிதர். இரண்டு பேரும் மேலே ஏறிப் போனார்கள்.

எட்டே முக்காலுக்கு ஓஸ் இருமியது. முதலில் செம்மண் தண்ணீர், பிறகு தெளிந்த தண்ணீர். சற்று நேரத்தில் நனைந்த வேட்டியும் காலில் இரண்டு அட்டைகளுமாக அவர் இறங்கி வந்தார்.

"அக்கா, ஒரு மூட்டு கழண்டதுக்கு நாலு மூட்ட மாத்திட்டாரு" என்றார் பாண்டி. "ஓஸு முனையச் சுடுதண்ணில முக்கி எளக்கி, உள்ள சொருகி, ட்யூப்பச் சுத்தி ஒரு கட்டு. இனி ஆன மிதிச்சாத்தேன் கழலும்."

"அப்ப அண்ணன இங்கயே விட்டுட்டுப் போங்கக்கா" என்றார் மாரீஸ்வரி, அட்டைக்கு உப்பை நீட்டியபடி.

என் வீட்டுக்காரர் அட்டைமேல் உப்பை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "மேல இன்னொரு ஊத்து இருக்குது, நர்மதா. ஒருத்தரும் அதத் தொடல. ஓஸு போட்டா இன்னும் நாலு ஊட்டுக்கு வரும்."

"அதுக்காகவா இங்க வந்து இருக்கப் போறீங்க?"

"பின்ன? உன்ற பள்ளிக்கூடத்துல எனக்கென்ன வேல?" என்றார். "வியாழக்கெழம மட்டும் நான் மடையில நிக்கோணும். புதன் எறங்கி வெள்ளி ஏறிக்கறேன். மத்த நாள் ஆனந்தன் பார்க்கட்டும், அவனும் எப்பத்தான் பழகறது?"

மேசையில் உட்கார்ந்து தேதி, பெறுநர், பொருள், நியமன ஆணை எண் எல்லாம் வரிசையாக எழுதி, வேலையை ஏற்றுக்கொள்கிறேன் என்று முடித்தேன். அவர் ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தார்.

"ஊடு ரெண்டு பேருக்கு வேணும்னு எழுது. இல்லாட்டி ஒரு ரூமக் குடுத்துட்டுப் போயிருவாங்க."

எழுதினேன்: 'என் கணவரும் என்னுடன் தங்குவார். ஆகவே இருவர் குடியிருக்கத்தக்க வீடு ஒன்று தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்திட்டேன். மூன்றாக மடித்து உறையிலிட்டுப் பசை தடவி ஒட்டினேன். பத்தரைக்குத் தபாலாபீஸ் ஜன்னலில் நீட்டி, "ஸ்பீடு போஸ்ட்டுங்க, கோட்டயம்" என்றேன். உள்ளே இருந்தவர் எடை பார்த்து, முத்திரை குத்தி, உறையைப் பையில் போட்டார்.