இரண்டு மாடிகளுக்கு நடுவில்

லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. மெக்கானிக் பைக்கை விட்டு இறங்குவதற்குள் வாட்ச்மேன் ஓடிவந்தார். உள்ளே ஒரு அம்மா தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறார், கதவை இரண்டு கையாலும் பிளக்கப் பார்க்கிறார் என்றார்.

படியேறும்போதே அவர் கதவைத் தட்டுவது கேட்டது. மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவனும் ஆண்டவரின் கதவை இப்படித்தான் தட்டிக்கொண்டிருந்தான். சபையே உபவாசமிருந்து ஜெபித்தது. பிள்ளை பிழைத்துக்கொள்வாள் என்று போதகர் மேடையிலேயே சொன்னார். அவள் பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்த கையோடு சபை மூப்பர் ஒருவர் அவன் தோளில் கைவைத்து, "எங்கயோ விசுவாசம் குறைஞ்சிருக்கு தம்பி" என்றார். அன்றோடு சரி. மனைவி மட்டும் போய்வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவனுக்கு இருப்புக்கொள்ளாது. நன்றாக ஓடும் மின்விசிறியைக் கழற்றி மாட்டுவான். துடைத்த பைக்கையே மறுபடி துடைப்பான்.

"அம்மா, கதவ விடுங்க. மேல போய் கையாலயே லிஃப்ட இறக்கிடுறேன். நீங்க விரல உள்ள விட்டீங்கன்னா நசுங்கிடும்."

"மூச்சு முட்டுது! செத்துருவேன் போலிருக்கே! ஏசப்பா!"

"காத்து வருதும்மா, ஒண்ணும் ஆகாது."

தட்டல் நிற்கவில்லை. வாட்ச்மேனுக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "பயப்படாதீங்கம்மா, இவரும் உங்காளுதான். பைக்ல சிலுவை ஒட்டியிருக்காரு."

அது மகள் ஒட்டியது. கிழிக்க மனம் வராமல் விட்டது.

"அப்ப ஒரு ஜெபம் பண்ணுங்க தம்பி. கதவ விட்டுடுறேன்."

அவன் வாட்ச்மேனை எரித்துவிடுவது போல் பார்த்தான். "நீங்களே பண்ணுங்கம்மா."

"எனக்கு வார்த்தை வரலியே..."

கதவில் நெற்றியை வைத்தான். ஒருகாலத்தில் மைக் பிடித்தால் அருவியாகக் கொட்டும் ஜெபத் தமிழ். இப்போது ஒரு சொல்கூட அகப்படவில்லை. வீட்டில் பேசுகிற பேச்சுதான் வந்தது.

"ஆண்டவரே, உங்ககிட்ட பேசி ரொம்ப நாளாச்சு. எனக்கு இன்னும் கோவம் போகல. என் பிள்ளைய ஏன் விட்டீங்கன்னு நீங்க சொல்லவே இல்ல. அத அப்புறம் பேசிக்கலாம். இப்ப இந்தம்மா பயந்துபோய் இருக்காங்க. நான் மேல போகணும், இங்க நிக்க முடியாது. நீங்க நில்லுங்க."

உள்ளேயிருந்து மெல்ல, "ஆமென்."

தட்டல் நின்றிருந்தது.

மொட்டைமாடி அறையில் மின்சாரத்தை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றினான். தினமும் செய்கிற வேலைதான். ஆனாலும் "இருங்க, இருங்க" என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அந்த அம்மாவிடம் சொல்கிறானா, வேறு யாரிடமாவதா என்று அவனுக்கே தெரியவில்லை.

இறங்கிவந்து கதவைத் திறந்துவிட்டான். வெளியே வந்த அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தலை நரைத்தவர். முகத்தை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டார்.

"அவர்கிட்ட அப்படியெல்லாம் பேசலாமா தம்பி?"

"தெரியலம்மா. வாயில வந்துடுச்சு."

அந்த அம்மா எழுந்துகொண்டே, "என் வீட்டுக்காரர் போனதுலேர்ந்து எனக்கும் கேக்கத்தான் இருக்கு" என்றார். "தைரியம் வரல."

அதன்பிறகு அவனுக்கு எந்த வேலையிலும் மனம் ஒட்டவில்லை. போன இடத்தில் பூட்டிய திருகையே மறுபடி கழற்றினான். கோபம் இம்மியும் குறையவில்லை. ஆனால் இத்தனை நாள் ஆளில்லாத வீட்டு வாசலில் நின்று கத்தியது போலிருந்தது. இன்று உள்ளே யாரோ எழுந்து நடமாடுவது போலிருந்தது. அதுதான் அவனைப் படுத்தியது.

சாயங்காலம் வீடு பூட்டியிருந்தது. மனைவி ஜெபக்கூட்டத்துக்குப் போயிருப்பாள். சாவியை எடுத்தவன், என்ன நினைத்தானோ, பைக்கைத் திருப்பினான்.

சபை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். கடைசி வரிசையில் மனைவி தற்செயலாகத் திரும்பினாள். அவனைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, கையசைத்துக் கூப்பிடவுமில்லை. பக்கத்து இடத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முன்புறம் திரும்பினாள்.

பைக் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. காலியான அந்த இடத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுந்திருந்தது.